இரண்டு தட்டு: யாரைப் பார்த்துக் கற்கிறோம்?

செங்கோட்டையிலிருந்து தென்காசி போகும் சாலையில் பிரானூர் இருக்கிறது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பதில்லை. ‘பார்டர் ஒன்று’ என்பார்கள். இன்றைய கேரள எல்லையோ அங்கிருந்து மேற்கே, புளியரையைத் தாண்டி மலைமேல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அன்றோடு பிரானூருக்கு எல்லை என்ற வேலை போய்விட்டது. கோடு நகர்ந்தது, பெயர் மட்டும் அதே இடத்தில் பரோட்டா விற்றுக்கொண்டிருக்கிறது.

இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். பி.எட். படித்த காலத்தில் உளவியல் தாளில் இரண்டு பாடங்கள் உண்டு. பிறரைப் பார்த்துக் கற்பது ஒன்று. ‘நாம்’, ‘அவர்கள்’ என்று மனிதர்கள் பிரிந்துகொள்வது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து, தனித்தனியாக எழுதி, தேறியும்விட்டேன். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள் என்பது, ஓய்வுபெற்ற பிறகு பார்டர் பக்கத்துப் பரோட்டாக் கடை ஒன்றின் முன்னால் மாலைதோறும் தேநீர் குடித்தபோதுதான் புரிந்தது.

அந்தக் கடையில் அப்போது இரண்டு மாஸ்டர்கள். ஒருவர் கடையநல்லூர்க்காரர், மற்றவர் புனலூர்க்காரர். தொழில் பழகப் புளியரையிலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாவு பிசைவது, உருண்டை பிடிப்பது, ஈரத்துணி போட்டு ஊறவைப்பது என்று எடுபிடி வேலை பார்த்தான். இடையிடையே கல்மேடையைப் பார்த்தான். அவ்வளவுதான் அவனுடைய பாடத்திட்டம்.

‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆல்பர்ட் பண்டூராவின் சமூகக் கற்றல் கோட்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் கண் பார்ப்பதற்கும் கை செய்வதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பழமொழி விட்டுவிடுகிறது. பண்டூராவின் வாழ்நாள் உழைப்பு அந்த நடுவில்தான்.

பண்டூரா 1925இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் முண்டேர் என்ற சிற்றூரில் பிறந்தவர். பிற்பாடு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவர் ஆய்வுக்கு வந்த காலத்தில், ஓர் உயிர் எதையாவது செய்து, அதற்குப் பரிசோ அடியோ பெற்று, அதிலிருந்துதான் கற்கிறது என்ற எண்ணமே கோலோச்சியது. எலிக்கும் புறாவுக்கும் அது சரி. பரோட்டாவுக்கு? ஒவ்வொரு வீச்சையும் தானே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்துத்தான் ஆகவேண்டும் என்றால், பையன் மாஸ்டராவதற்குள் கடை திவாலாகிவிடும்.

1961இல் பண்டூராவும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட சோதனை, உளவியல் படித்த எவருக்கும் தெரிந்தது. அதில் மூன்று முதல் ஆறு வயதுக்குள் 72 குழந்தைகள். பெரிய பொம்மை ஒன்று, பெயர் போபோ. அடியில் கனம் வைத்திருப்பதால் நம் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போல, தள்ளினால் சாய்ந்துவிட்டு மறுபடி எழுந்து நிற்கும். ஒரு பிரிவுக் குழந்தைகளின் கண்முன்னால் பெரியவர் ஒருவர் அந்தப் பொம்மையை உதைத்தார், மரச் சுத்தியலால் அடித்தார், மேலே ஏறி உட்கார்ந்து மூக்கில் குத்தினார், வாயாலும் திட்டினார். இன்னொரு பிரிவு பார்த்த பெரியவர் பொம்மையைச் சீண்டவே இல்லை. மூன்றாம் பிரிவு யாரையும் பார்க்கவில்லை. பிறகு குழந்தைகளைத் தனித்தனியாகப் பொம்மையிடம் விட்டபோது, அடித்ததைப் பார்த்தவர்கள் அதே அடி, அதே உதை, அதே சொற்களோடு இறங்கினார்கள். யாரும் அவர்களுக்கு மிட்டாய் கொடுக்கவில்லை. ‘அப்படிச் செய்’ என்றுகூடச் சொல்லவில்லை.

அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடித்ததில் என்ன அதிசயம் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதனாலேயே 1965இல் வந்த சோதனையை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். இம்முறை குழந்தைகள் பார்த்தது ஒரு படம். ஒரு முடிவில், அடித்தவருக்குப் பரிசு. இன்னொன்றில் தண்டனை. மூன்றாவதில் ஒன்றுமில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். அவர்கள் கற்கவில்லை என்று அத்தோடு முடித்துவிடலாம். பண்டூரா முடிக்கவில்லை. ‘படத்தில் பார்த்ததைச் செய்துகாட்டினால் பழச்சாறு தருகிறோம்’ என்று சொல்லிப் பார்த்தார்கள். மூன்று பிரிவுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்துகாட்டினார்கள். எல்லோரும் கற்றிருந்தார்கள், சிலர் வெளியே காட்டவில்லை. கற்பது வேறு, கற்றதைச் செய்வது வேறு. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையை ‘மண்டு’ என்று முடிவுகட்டும் முன் எந்த ஆசிரியரும் இந்தச் சோதனையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். நான் நினைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

பண்டூரா அந்த நடுவழியை நான்கு படிகளாகப் பிரித்தார். கல்மேடைக்கு முன்னால் நின்றால் நான்கும் கண்ணுக்குத் தெரியும். முதலில் கவனம். பரோட்டா வீசுவதைக் கடைக்கு வருகிற எல்லோரும்தான் பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் கண் காற்றில் விரியும் மாவோடு போகிறது, பையன் கண் மாஸ்டரின் மணிக்கட்டிலேயே நின்றது. அடுத்தது நினைவில் நிறுத்துதல். இலை துடைத்துக்கொண்டே அவன் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பான். உற்றுக் கேட்டால், ‘தூக்கு, சுழற்று, விடு’. மூன்றாவது, கையால் செய்துபார்த்தல். இங்கேதான் பழமொழி பொய்த்துப்போகும். கண் பார்த்துவிட்டது, கை செய்யவில்லை. மாவு கிழிந்தது, கல்லில் ஒட்டியது, ஒருமுறை முதலாளியின் தோளிலேயே விழுந்தது. கடை மூடிய பிறகு ஈரத்துண்டை மாவாகப் பாவித்து மேடையில் அடித்துக்கொண்டிருந்தான். நான்காவது ஊக்கம். மாஸ்டருக்கு வருகிற சம்பளத்தையும், ‘மாஸ்டர்’ என்று நாலு பேர் கூப்பிடுவதையும் அவன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். பிறருக்குக் கிடைப்பதைப் பார்த்தே நமக்கு ஆசை வந்துவிடுகிறது. பரிசு நம் கையில் விழ வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. தொழிலில் இரண்டு மாஸ்டர்களில் கெட்டிக்காரர் புனலூர்க்காரர்தான். அவர் வீசினால் மாவு வேட்டியைப் போல விரியும், அடுக்கும் கூடுதலாக வரும். பையனோ கடையநல்லூர்க்காரரையே பார்த்தான். அவரைப் போலவே இடத் தோளில் துண்டு போட்டான். பரோட்டாவைத் திருப்பிப் போட்டதும் அவர் தோசைத்திருப்பியால் கல்லின் ஓரத்தை இரண்டு முறை தட்டுவார், அதையும் எடுத்துக்கொண்டான். டக், டக். புனலூர்க்காரர் அதே கருவியை ‘சட்டுகம்’ என்பார். ‘சட்டுகம் எடு’ என்று அவர் கேட்டால் பையன் காது கேளாதவனைப் போல நிற்பான். கடையநல்லூர்க்காரர் அவனுக்கு ‘அண்ணாச்சி’. புனலூர்க்காரருக்கு ஒரு பெயரும் இல்லை, ‘அவர்’.

கண் யாரிடம் போய் நிற்கும் என்பதை எது முடிவு செய்கிறது? இங்கேதான் இரண்டாவது பாடம் வேண்டியிருக்கிறது.

ஹென்றி தாஜ்ஃபெல் 1919இல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் படிக்கப் போனார். போர் வந்தபோது பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் கைதியானார். தான் போலந்து யூதர் என்பதை மறைத்துக்கொண்டதால் உயிர் தப்பினார் என்று சொல்லப்படுகிறது. திரும்பி வந்தபோது குடும்பத்தார் ஏறத்தாழ ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. ‘நீ எந்தக் கூட்டம்’ என்ற ஒரே கேள்விக்கான பதிலில் உயிரும் சாவும் தொங்கியதை நேரில் கண்ட மனிதர், பிற்பாடு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உட்கார்ந்து அந்தக் கேள்வியையே ஆராய்ந்தார்.

பகைக்குக் காரணம் தேடினால் நிலம், தண்ணீர், பதவி என்று எத்தனையோ கிடைக்கும். தாஜ்ஃபெல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்: எல்லாக் காரணங்களையும் எடுத்துவிட்டு வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளி மாணவர்களிடம் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடித்தது என்று கேட்டார்கள். ‘நீ க்ளே குழு’, ‘நீ காண்டின்ஸ்கி குழு’ என்றார்கள். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டு. பிறகு ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாத இருவருக்குப் புள்ளிகளைப் பங்கிட வேண்டும். புள்ளி சில்லறைக் காசாக மாறும். இருவரில் ஒருவன் தன் குழு, மற்றவன் எதிர்க்குழு. தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

பங்கிடும் வழிகளைக் கட்டங்களாகக் கொடுத்து, ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்தக் கட்டங்களில் ஒன்று இப்படி: ஒரு கோடியில் நம் ஆளுக்கு 7, அவர்கள் ஆளுக்கு 1. நடுவில் 13, 13. மறுகோடியில் நம் ஆளுக்கு 19, அவர்கள் ஆளுக்கு 25. நம் ஆளுக்கு நல்லது செய்வதுதான் நோக்கம் என்றால் 19ஐ அல்லவா எடுக்க வேண்டும்? பையன்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். நம் ஆள் ஏழோ எட்டோ பெற்றாலும் சரி, அவர்கள் ஆள் நம்மை மிஞ்சக் கூடாது. எல்லோரும் கோடிக்கே போய்விடவில்லை, நியாய உணர்வும் இன்னொரு பக்கம் இழுத்தது. ஆனாலும் சாய்வு தெளிவாக இருந்தது. 1970, 1971இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, சண்டையில்லை, பழைய கணக்கில்லை. பெயர் ஒன்றே போதுமாக இருந்தது.

இதைப் படித்தபோது நான் நம்பவில்லை. நம்பாதவனுக்குப் பாடம் வேறு வழியில் வரும். ஓர் ஆண்டு விளையாட்டு விழாவுக்காக ஏழாம் வகுப்பை வருகைப்பதிவேட்டில் ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று பிரித்து, ‘குண்டாறு அணி’, ‘அடவிநயினார் அணி’ என்று இரண்டு அணைகளின் பெயரை வைத்தேன். அழகான யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். முதல் வாரம் கோஷம். இரண்டாம் வாரம் சத்துணவு வரிசையில் அணி அணியாக நின்றார்கள். மூன்றாம் வாரம் ஒரு சிறுமி என்னிடம் வந்து, தன் கணக்கு நோட்டைப் பக்கத்துப் பெஞ்சுக்காரி பார்க்கவிட மாட்டேன் என்றாள். ‘ஏன்?’ ‘அவள் குண்டாறு, ஐயா.’ விழா முடிந்து மாதங்களான பிறகும் அந்தப் பெயர்கள் சண்டையில் அடிபட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சிறுமியின் பதிலில் இரண்டு பாடங்களும் சேர்ந்தே இருந்தன, நான்தான் கேட்கவில்லை. எதிரணி என்றானபின், யாரிடம் பார்த்துக் கற்பது என்பதும் மாறிவிட்டது.

தாஜ்ஃபெலும் அவருடைய மாணவர் ஜான் டர்னரும் இதிலிருந்து வளர்த்தெடுத்ததுதான் சமூக அடையாளக் கோட்பாடு. ‘நான் யார்’ என்பதில் ஒரு பங்கு ‘நாங்கள் யார்’ என்பதிலிருந்து வருகிறது. எனவே ‘நாங்கள்’ உயர்ந்தால் எனக்கும் ஓர் அங்குலம் கூடுகிறது. கிரிக்கெட்டில் இந்தியா வென்றால் ‘ஜெயித்துவிட்டோம்’, தோற்றால் ‘தோற்றுவிட்டார்கள்’ என்கிறோமே, அந்த வினைமுற்றுக்குள் பாதிக் கோட்பாடு இருக்கிறது.

மீதிப் பாதியை எங்கள் ஊரைப் பார்த்தே சொல்லிவிடலாம். செங்கோட்டைக்காரர் திருநெல்வேலிக்குப் போனால் ‘மலையாளத்துப் பக்கத்து ஆள்’. ஆரியங்காவு இறங்கிப் புனலூர் போனால் ‘பாண்டி’. சென்னைக்குப் போனால் வெறும் ‘திருநெல்வேலிக்காரர்’. துபாயில் வேலைக்குப் போன என் மாமா மகன், அங்கே ஒரே அறையில் கொல்லத்துக்காரரோடு மீன்குழம்பு வைத்துத் தின்றுகொண்டு, ‘நாங்கள் ஊர்க்காரர்கள்’ என்கிறான். ஆள் ஒருவனே. எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து ‘நாம்’ என்ற வட்டம் சுருங்கும், விரியும். டர்னர் 1980களில் இதைத் தனிக் கோட்பாடாகவே வளர்த்தார்.

நம் கூட்டம் தாழ்வாகத் தெரிகிறபோது என்ன செய்கிறோம் என்பதையும் தாஜ்ஃபெல் சொல்லியிருக்கிறார். ஒருவர் சத்தமில்லாமல் அடுத்த கூட்டத்துக்குத் தாவிவிடலாம். திருவனந்தபுரத்தில் படிக்கிற பிள்ளை, அம்மா போனில் வந்தால் ஓரமாகப் போய்த் தமிழ் பேசுவது இந்த வகை. நேரடியாக மோதியும் பார்க்கலாம். இவற்றைவிடச் சுவையான வழி, அளவுகோலையே மாற்றிவிடுவது. ‘எங்கள் எழுத்தறிவைப் பாருங்கள்’ என்று அந்தப் பக்கத்துச் சம்பந்தி பெருமை பேசினால் எங்கள் பெரியப்பா மறுக்கவே மாட்டார். ‘எல்லாம் சரி சம்பந்தி, பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி லாரி வரவில்லை என்றால் உங்கள் ஓணத்துக்கு அவியல் ஏது?’ என்று முடித்துவிடுவார். கோட்பாட்டின் பெயர்கூடத் தெரியாமல் அதை இவ்வளவு கச்சிதமாகப் பயன்படுத்தியவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு திருத்தம் சொல்லவேண்டும். ‘நாம்’ என்றாலே ‘அவர்கள்’ மேல் வெறுப்பு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான சமயம் நடப்பது அதைவிடச் சாதுவானது: நம் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை, கூடுதல் நம்பிக்கை, கூடுதல் கவனம். சாது என்பதால் தீங்கில்லை என்று பொருளில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் அந்தக் ‘கொஞ்சம்’ ஒருவர் பிழைப்பையே மாற்றிவிடும்.

அந்தக் கூடுதல் கவனம்தான் பண்டூராவின் முதல் படி. இரண்டு கோட்பாடுகளும் கைகோர்க்கும் இடம் அதுவே. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் பதினான்கு மாதக் குழந்தைகளுக்கு ஒருவர் வேடிக்கையான செயல் ஒன்றைச் செய்துகாட்டினார்: விளக்கைக் கையால் தொடாமல் குனிந்து நெற்றியால் முட்டி எரியவைத்தார். அதற்கு முன் அவர் பேசியது குழந்தையின் வீட்டு மொழி என்றால், குழந்தைகள் நெற்றியால் முட்டுவதை அதிகமாகப் பின்பற்றின. தெரியாத மொழி பேசியவர் என்றால் அவ்வளவாகப் பின்பற்றவில்லை. பதினான்கு மாதத்தில் அதற்குத் தேசமும் தெரியாது, எல்லையும் தெரியாது. நம் ஓசை மட்டும் தெரிகிறது. புளியரைப் பையன் கண் கடையநல்லூரில் போய் நின்றதற்கு நான் வேறு காரணம் தேடவில்லை.

அந்தக் கோடு அழிந்தது ஒரு சாரல் காலத்தில். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் பார்டரில் இலை போட்டு முடியாது. அந்த ஆண்டு பார்த்து எதிர்வரிசையில் புதுக்கடை ஒன்று திறந்தார்கள். வண்ண விளக்கும், சாலையில் நின்று கை காட்டி அழைக்க ஆளுமாக. ஒரே வாரத்தில் எங்கள் கடைக்குள் பேச்சு மாறிப்போனது. ‘நம் சால்னாவுக்கு அவர்கள் ஈடாவார்களா?’ என்று புனலூர்க்காரர் கேட்க, பையன் ‘அதெப்படி சேட்டா!’ என்றான். அவன் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல்முறை.

முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இருபத்திரண்டு சிறுவர்களை முகாமில் இரண்டு அணியாக்கி, போட்டி வைத்து அடித்துக்கொள்ளவிட்டு, பிறகு தண்ணீர்க் குழாய் பழுது போன்ற பொது வேலைகளைக் கொடுத்துச் சேர்த்துவைத்தார். பெரியவர்கள் தூண்டிவிட்டார்கள் என்ற குறை அந்தச் சோதனைமேல் உண்டு. முந்தைய ஆண்டு இதேபோல் செய்த முயற்சி பாதியில் நின்றதும் உண்மை. பிற்பாடு கெர்ட்னர், டொவிடியோ என்ற இருவர், இரண்டு ‘நாம்’களையும் மூடுகிற பெரிய ‘நாம்’ ஒன்று கிடைத்தால் சாய்வு குறையும் என்று காட்டினார்கள். பார்டர் கடையில் நடந்தது அதுதான். ஆனால் அந்தப் பெரிய ‘நாம்’ வருவதற்கு எதிரே ஒரு வண்ண விளக்கு எரியவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு முழு மகிழ்ச்சி வருவதில்லை.

அதன்பிறகு பையன் புனலூர்க்காரரின் மணிக்கட்டையும் பார்க்க ஆரம்பித்தான். இன்று அவனே மாஸ்டர். வீச்சு புனலூர், மடிப்பு கடையநல்லூர், தோள் துண்டு கடையநல்லூர். அந்த இரண்டு தட்டும் அப்படியே இருக்கிறது.

தேவையில்லாததையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது மனிதப் பிள்ளையின் குணம். 2005இல் ஹார்னர், வைட்டன் என்ற ஆய்வாளர்கள் ஒரு பெட்டியிலிருந்து தின்பண்டத்தை எடுக்கும் வழியை சிம்பன்சிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் காட்டினார்கள். நடுவில் பயனற்ற சில செயல்களையும் சேர்த்தே காட்டினார்கள். பெட்டி உள்ளே தெரியும்படி இருந்தபோது, சிம்பன்சிகள் வெட்டிச் செயல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நேரே தின்பண்டத்துக்குப் போயின. குழந்தைகள் ஒன்று விடாமல் செய்தார்கள். குரங்குக்குப் பண்டம் போதும். குழந்தைக்கு ‘நம்மில் இப்படித்தான் செய்வார்கள்’ என்பதும் வேண்டும் என்று இதற்குப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

கடையநல்லூர்க்காரர் வேலையை விட்டுவிட்டார், முட்டிவலி. போன மாதம் ஒரு திருமணத்தில் பார்த்தபோது கேட்டேவிட்டேன்.

“அண்ணாச்சி, கல்லை இரண்டு தட்டு தட்டுவீர்களே, அது எதற்கு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். “நான் தொழில் பழகிய கடையில் கல்லை மூன்று செங்கல்மேல் வைத்திருந்தார்கள், சார். ஒரு செங்கல் குட்டை. பரோட்டாவைத் திருப்பினால் கல் ஆடும். தட்டினால் அமரும்.”

பார்டர் கடையில் கல்லைச் சிமெண்ட் வைத்துப் பதித்திருக்கிறார்கள். யானை மிதித்தாலும் அசையாது.

அன்று இரவு பார்சலுக்காகக் கடையில் நின்றேன். மாஸ்டர் கல்லாவில் பேசிக்கொண்டிருந்தார். கல்லருகில் அஸ்ஸாமிலிருந்து புதிதாக வந்திருக்கும் பையன். தமிழ் இன்னும் சரியாக வரவில்லை, இடத் தோளில் துண்டு. பரோட்டாவைத் திருப்பிப் போட்டான்.

டக், டக்.